விண்ணில் ஒரு சிறு விளக்கு: சிவப்புக் குள்ள நட்சத்திரமும் அதன் ஏழு கோள்களும்



2017 ஆம் ஆண்டு பிப்ரவரி 22 ஆம் நாள் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு சின்னஞ்சிறு நட்சத்திரம் உள்ளது. அதை ஏழு கோள்கள் சுற்றி வருகின்றன. அவை அனைத்தும் ஏறக்குறைய பூமியின் அளவுடையவை என்பதே அந்த அறிவிப்பின் சாரம். அந்த நட்சத்திரத்தின் பெயர் டிராப்பிஸ்ட்-1. இன்னொரு பூமி கிடைத்துவிட்டது என்ற தொனியில் உலகெங்கும் செய்திகள் பரவின. அன்றிலிருந்து ஆண்டுதோறும் இத்தகைய செய்திகள் வந்தவண்ணம் உள்ளன.

பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் இச்செய்திகளை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். "அங்கே தண்ணீர் இருக்குமா அத்தா? மனிதர்கள் இருப்பார்களா?" என்று கேட்கிறார்கள். இக்கேள்விக்கு நம் வீடுகளில் இருவகையான பதில்கள் கிடைக்கின்றன. "அதெல்லாம் வெறும் கற்பனை" என்று ஒதுக்கிவிடுவோர் ஒரு சாரார். செய்தித்தாளின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, "இது நம் மார்க்கத்தில் முன்பே சொல்லப்பட்டதுதான்" என்று அவசரமாக முடிச்சுப் போடுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரு காரியத்தைச் செய்யத் தவறுகிறார்கள். செய்தியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை.

ஒரு வீட்டின் சமையலைப் பற்றிப் பேச வருபவர் முதலில் அந்த வீட்டின் அடுப்பைப் பார்க்க வேண்டும். அடுப்பில் தீ எவ்வளவு, அது சீராக எரிகிறதா, பானை எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரியாமல், உள்ளே இருப்பது சோறா கஞ்சியா என்று சொல்ல முடியாது. கோள்களின் கதையும் அவ்வாறே. அவற்றுக்கு வெப்பமும் ஒளியும் தருவது அவற்றின் நட்சத்திரம். ஆகவே அந்த ஏழு கோள்களையும் அறிய வேண்டுமானால், முதலில் டிராப்பிஸ்ட்-1 என்னும் அந்தச் சிறு விளக்கை அறிய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பெருங்கூட்டம்

இந்த நட்சத்திரம் 'சிவப்புக் குள்ளன்' என்னும் வகையைச் சேர்ந்தது. நம் பால்வெளி மண்டலத்தில் உள்ள நட்சத்திரங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வகையினதே. அப்படியானால் இரவு வானத்தில் நாம் காணும் நட்சத்திரங்களில் எத்தனை சிவப்புக் குள்ளர்கள்? ஒன்றுகூட இல்லை! இவ்வகையில் மிகவும் பிரகாசமானதுகூட வெறும் கண்ணுக்குப் புலப்படும் எல்லைக்குச் சற்று அப்பால்தான் இருக்கிறது.

வானில் சிவந்து தெரியும் நட்சத்திரங்களும் உண்டல்லவா என்று கேட்கலாம். தமிழில் ரோகிணி என வழங்கும் அல்தபரான், திருவாதிரை, கேட்டை ஆகியவை செந்நிறமாகத் தெரிவது உண்மையே. ஆனால் அவை குள்ளர்கள் அல்லர். சூரியனை விடப் பன்மடங்கு பெருத்துப்போன இராட்சத நட்சத்திரங்கள். நிறம் ஒன்றாயினும் இனம் வேறு.

இஸ்லாமிய வானியல் வரலாற்றில் பெரும் புகழ் பெற்ற அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964 ஆம் ஆண்டு வாக்கில் நிலை நட்சத்திரங்களைப் பற்றிய தம் நூலை எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தையும் பிரகாசத்தையும் அவர் அதில் பதிவு செய்தார். கிரேக்க அறிஞர் தாலமியின் பட்டியலை அப்படியே ஏற்காமல், தாமே வானத்தைப் பார்த்துத் திருத்தியது அவருடைய சிறப்பு. அத்தகைய கூரிய பார்வையுடையவரின் பட்டியலிலும் ஒரு சிவப்புக் குள்ளன்கூட இடம்பெறவில்லை. இடம்பெற வழியில்லை, தொலைநோக்கி அப்போது உலகில் இல்லை. வானத்தின் பெரும்பான்மைக் குடிமக்கள் மனிதக் கண்ணுக்கு எட்டாமலேயே இருந்து வந்துள்ளனர் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

டிராப்பிஸ்ட்-1 இன்னும் மங்கலானது. கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய நட்சத்திரத்தை விடவும் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் மங்கலானது. வானம் முழுவதையும் அகச்சிவப்பு ஒளியில் படம் பிடித்த ஓர் ஆய்வின் வாயிலாக, ஜான் கிசிஸ் தலைமையிலான குழுவினர் இதனைக் கண்டறிந்து 2000 ஆம் ஆண்டில் பதிவு செய்தார்கள். அதன் தொலைவு 40.7 ஒளியாண்டுகள், அதாவது சுமார் 385 லட்சம் கோடி கிலோ மீட்டர். நொடிக்கு 17 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வாயேஜர் விண்கலம் அத்தொலைவைக் கடக்க 7 லட்சம் ஆண்டுகள் ஆகும். குடிபெயர்ந்து செல்வது பற்றிய பேச்சுக்கு இந்த ஒரு கணக்கே போதிய பதிலாகும்.

நிறையும் அளவும்

சூரியனின் நிறையை நூறு பங்காக்கினால், டிராப்பிஸ்ட்-1 இன் நிறை அதில் ஒன்பது பங்கு மட்டுமே. இதைவிடச் சற்றுக் குறைந்திருந்தால் அது நட்சத்திரமாகவே இருந்திருக்காது. ஒரு வாயு உருண்டை தன் ஈர்ப்பால் சுருங்கும்போது அதன் மையம் சூடேறுகிறது. அந்தச் சூடு போதிய அளவை எட்டினால் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அந்த இணைவில் பிறக்கும் ஆற்றலே நட்சத்திரத்தின் ஒளி. நிறை போதாவிட்டால் அந்த அடுப்பு பற்றிக்கொள்வதே இல்லை. இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிவ் குமார் என்னும் வானியலாளர் 1960களின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் காட்டினார். சூரிய நிறையில் ஏறத்தாழ ஏழு அல்லது எட்டு விழுக்காடே அந்த எல்லை. டிராப்பிஸ்ட்-1 அந்த வாசற்படியை மயிரிழையில் தாண்டி நிற்கிறது.

அளவில் இது நம் வியாழன் கோளை விடச் சிறிதே பெரியது. இதன் குறுக்களவு சுமார் 1 லட்சத்து 66 ஆயிரம் கிலோ மீட்டர். பூமியைப் போன்ற பதின்மூன்று உருண்டைகளை வரிசையாக வைத்தால் அந்நீளம் வந்துவிடும். சூரியனுக்கோ நூற்றொன்பது உருண்டைகள் வேண்டும். ஆனால் வியாழனை விடச் சற்றே பெரிதான இந்த உருண்டைக்குள் வியாழனைப் போல் 94 மடங்கு பொருள் அடைபட்டுக் கிடக்கிறது! ஆகவே அதன் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல் 75 மடங்கு. தங்கத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு லிட்டர் பாத்திரத்தில் அந்தப் பொருளை நிரப்ப முடியுமானால் பாத்திரம் 75 கிலோ எடை காட்டும். அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதைப் போல் சுமார் 177 மடங்கு. இங்கே 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே பத்து டன்னுக்கு மேல் எடை காட்டுவார்.

குண்டு பல்பின் வெப்பம்

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். டிராப்பிஸ்ட்-1 இன் மேற்பரப்பு வெப்பம் சுமார் 2,300 டிகிரி. இந்த எண்ணை உணர்ந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வீடுகளில் முன்பு எரிந்த குண்டு பல்பை நினைத்துப் பாருங்கள். அதனுள் ஒளிர்ந்த கம்பி இழையின் வெப்பமும் ஏறத்தாழ இதே அளவுதான். சொல்லப்போனால் இழை இந்த நட்சத்திரத்தை விடச் சற்றே சூடானது.

அந்த பல்பைப் பற்றிய குறை என்ன? மின்சாரத்தைப் பெருமளவு வெப்பமாக்கிவிட்டுக் கொஞ்சம்தான் வெளிச்சம் தருகிறது என்பதே. இந்த நட்சத்திரமும் அப்படியே. அது வெளியிடும் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர்களாக, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்கு மட்டும் உறைக்கும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதன் மொத்த ஆற்றல் சூரியனின் ஆற்றலில் 1,800 இல் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மட்டும் கணக்கிட்டால் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கும் தேறாது.

இவ்வளவு குறைந்த வெப்பத்தில் இன்னொரு விந்தையும் நிகழ்கிறது. சூரியனின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் பெரும்பாலும் சிதைந்துபோகும். டிராப்பிஸ்ட்-1 இன் வெளிப்புற வாயுவிலோ நீராவி சிதையாமல் நிற்கிறது. நட்சத்திரத்திலேயே நீராவி! இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் இது மிகவும் தேவைப்படும்.

சிக்கனமான செலவு, நீண்ட ஆயுள்

பெரிய நட்சத்திரத்தில் எரிபொருள் மிகுதி. எனவே அது நெடுங்காலம் வாழும் என்று நமக்குத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறு. இரண்டு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் சேமிப்பு மற்றதன் சேமிப்பில் பதினொன்றில் ஒரு பங்கு. ஆனால் அதன் அன்றாடச் செலவு மற்றதன் செலவில் 1,800 இல் ஒரு பங்கு. எந்தக் குடும்பம் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்? சூரியனுக்கும் டிராப்பிஸ்ட்-1 க்கும் உள்ள கணக்கு இதுவே.

மற்றொரு காரணமும் உண்டு. சூரியன் தன் மையப் பகுதியில் உள்ள ஹைட்ரஜனை மட்டுமே எரிக்கிறது. வெளிப்புறத்தில் இருப்பது மையத்திற்கு வந்து சேர்வதில்லை. சிறிய சிவப்புக் குள்ளர்களில் வாயு முழுவதும், உலையில் கொதிக்கும் கஞ்சியைப் போல, அடியிலிருந்து மேலும் மேலிருந்து அடியுமாகப் புரண்டுகொண்டே இருக்கிறது. ஆகவே மூலையில் கிடக்கும் எரிபொருளும் ஒருநாள் அடுப்புக்கு வந்து சேர்கிறது. பானையில் மிச்சம் வைக்காத குடும்பம் அது!

சூரியனுக்கு இப்போது வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு எரிபொருள் இருக்கிறது. டிராப்பிஸ்ட்-1 இன் வயது சுமார் 760 கோடி ஆண்டுகள் என்று கணிக்கப்படுகிறது. இதில் 220 கோடி ஆண்டுகள் கூடக்குறைய இருக்கலாம். அதற்கு எஞ்சியுள்ள ஆயுளோ பல லட்சம் கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். எனவே இதுவரை எந்தச் சிவப்புக் குள்ளனும் மூப்படைந்து இறந்ததில்லை. அவை அனைத்தும் இன்னும் இளமையின் தொடக்கத்திலேயே நிற்கின்றன.

கோள்களைக் கண்டறிந்த விதம்

கண்ணுக்கே தெரியாத நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்களை எவ்வாறு கண்டார்கள்? நேராகப் பார்க்கவில்லை. விளக்கின் முன்னால் ஒரு பூச்சி பறந்து சென்றால் வெளிச்சம் நொடிப்பொழுது குறைவதைப் போல, கோள் தன் நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்கும்போது அதன் ஒளி சிறிது குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து கோளின் பருமனையும், எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைகிறது என்பதிலிருந்து அதன் ஆண்டையும் அறிகிறார்கள்.

இங்கேதான் நட்சத்திரத்தின் சிறுமை பேருதவியாக அமைந்தது. பூமி சூரியனைக் கடப்பதைத் தொலைவிலிருந்து ஒருவர் பார்த்தால், சூரியனின் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. டிராப்பிஸ்ட்-1 ஐ அதன் முதல் கோள் கடக்கும்போதோ ஆயிரத்தில் ஏழு பங்குக்கு மேல் குறைகிறது. சிறிய விளக்கை மறைக்கச் சிறிய கையே போதுமல்லவா?

பெல்ஜியம் நாட்டின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் கில்லோன் தலைமையிலான குழு, சிலி நாட்டின் லா சில்லா மலையில் உள்ள டிராப்பிஸ்ட் என்னும் தொலைநோக்கியால் இந்நட்சத்திரத்தைக் கவனித்தது. அதன் ஆடி வெறும் 60 சென்டிமீட்டர் அகலமுடையது. 2016 ஆம் ஆண்டு மே மாதம் மூன்று கோள்களை அக்குழு அறிவித்தது. பின்னர் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி சுமார் 500 மணி நேரம் அதனையே உற்றுநோக்கியதன் பயனாக, 2017 ஆம் ஆண்டில் எண்ணிக்கை ஏழானது. நட்சத்திரத்திற்கு அருகிலிருந்து வரிசையாக பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று அவற்றுக்குப் பெயரிட்டுள்ளார்கள்.

இந்த ஏழும் ஒன்றையொன்று ஈர்த்தவண்ணம் ஓர் ஒழுங்கில் சுற்றுகின்றன. வெளியே உள்ள ஹெச் இரண்டு சுற்று முடிப்பதற்குள், ஜி மூன்றும், எஃப் நான்கும், இ ஆறும், டி ஒன்பதும், சி பதினைந்தும், பி இருபத்து நான்கும் ஏறத்தாழ முடித்துவிடுகின்றன. இந்த ஈர்ப்பினால் ஒவ்வொரு கடப்பும் சில நிமிடங்கள் முன்பின் ஆகிறது. அந்த நிமிடங்களைக் கணக்கிட்டே கோள்களின் நிறையை அறிந்தார்கள். ஏழும் பாறைக் கோள்கள் என்பதும், அவற்றின் அடர்த்தி பூமியின் அமைப்பை வைத்து எதிர்பார்ப்பதை விடச் சற்றுக் குறைவு என்பதும் 2021 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெளிவாயின. இரும்பு குறைவாக இருப்பதாலோ, தண்ணீர் மிகுதியாக இருப்பதாலோ இந்தக் குறைவு ஏற்பட்டிருக்கலாம்.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளி எத்தனை பங்கு குறைந்தது என்பது, கோள் நட்சத்திரத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டுமே சொல்லும். நட்சத்திரத்தின் அளவைப் பத்து விழுக்காடு தவறாகக் கொண்டால் கோளின் அளவும் பத்து விழுக்காடு தவறும். அளவுகோல் பிசகினால் அளந்தவை அனைத்தும் பிசகும். நட்சத்திரத்தை ஆராய்வதில் இத்தனை ஆண்டுகள் செலவிடப்பட்டதன் காரணம் இதுவே.

அருகில் இருப்பதன் விளைவுகள்

தீ சிறிதாக இருந்தால் அதற்கு மிக அருகில் அமர்ந்தால்தான் குளிர் விலகும். இந்தக் கோள்களும் அவ்வாறே நெருங்கி நிற்கின்றன. நம் சூரியக் குடும்பத்தில் சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதன் சராசரியாக 5 கோடியே 80 லட்சம் கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. டிராப்பிஸ்ட்-1 இன் ஏழாவது கோள்கூட ஒரு கோடி கிலோ மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. முதல் கோளின் ஆண்டு ஒன்றரை நாள். ஏழாவது கோளின் ஆண்டு 19 நாள்களுக்கும் குறைவு.

இவற்றுள் பெரிதும் பேசப்படுவது நான்காவதான இ. அது சுமார் 44 லட்சம் கிலோ மீட்டர் தொலைவில் ஆறு நாள்களுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. நாம் சூரியனிடமிருந்து பெறும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அது பெறுகிறது. தகுந்த காற்று இருக்குமானால், தண்ணீர் உறையாமலும் ஆவியாகாமலும் நிற்கக்கூடிய தொலைவு அது. 'வாழத்தக்க மண்டலம்' என்று செய்திகளில் வருவது இதுவே. இச்சொல்லின் பொருளைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். அடுப்பிலிருந்து பானை சரியான தூரத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள். பானைக்குள் தண்ணீர் உண்டா, அரிசி உண்டா என்பதைப் பற்றி அச்சொல் ஒன்றும் கூறவில்லை.

இவ்வளவு நெருக்கத்தில் நட்சத்திரத்தின் ஈர்ப்பு கோளின் சுழற்சியைக் கட்டிப்போட்டுவிடும். நம் சந்திரன் எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுவது போல, இக்கோள்களும் ஒரே முகத்தை நட்சத்திரத்துக்குக் காட்டியபடி சுற்றும் என்பது வானியலாளரின் கணிப்பு. அவ்வாறாயின் ஒரு பாதி என்றென்றும் பகல். மறுபாதி என்றென்றும் இரவு. இ கோளின் வானத்தில் அந்த நட்சத்திரம், நாம் காணும் சூரியனைப் போல் நான்கு மடங்கு அகலமாக, ஆனால் மங்கிய செம்மஞ்சள் நிறத்தில், அசையாமல் நிற்கும். அங்கே சுப்ஹு ஏது, மஃரிப் ஏது என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். சூரியன் மாதக்கணக்கில் மறையாத வடதுருவ நாடுகளைப் பற்றி எழுந்த அதே கேள்விதான் அது. கணித்து நேரம் வகுத்துக்கொள்ளும் வழியை ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கியுள்ளனர் என்று பதில் சொல்லலாம்.

சிறியதன் சீற்றம்

வெப்பம் குறைந்த நட்சத்திரம் சாந்தமானதாக இருக்கும் என்று எண்ணினால் ஏமாந்து போவோம். உள்ளே வாயு முழுவதும் புரண்டுகொண்டிருப்பதாலும், 3.3 நாள்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்வதாலும், அதில் வலிமையான காந்தப் புலம் உண்டாகிறது. அந்தக் காந்தப் பின்னல்கள் அறுபடும்போது திடீர்ச் சுவாலைகள் வெடிக்கின்றன. கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2016, 2017 ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து 80 நாள்கள் கவனித்தபோது 42 சுவாலைகள் பதிவாயின. சூரியனிலும் சுவாலைகள் உண்டு. ஆனால் நாம் 15 கோடி கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறோம். அந்தக் கோள்களோ அடுப்பின் வாயிலிலேயே அமர்ந்திருக்கின்றன. புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காலந்தோறும் தாக்கினால், கோளின் காற்று சிறிது சிறிதாக அரிக்கப்பட்டுப் போய்விடும்.

இதைவிடப் பெரிய இடர் தொடக்கக் காலத்தில் நிகழ்ந்திருக்கும். இத்தகைய சிறு நட்சத்திரம் பிறந்து, சுருங்கி, இன்றைய நிதான நிலையை அடைய ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் ஆகும். அக்காலத்தில் அது இப்போதைவிடப் பன்மடங்கு பிரகாசமாக இருந்திருக்கும். இன்று 'வாழத்தக்க' தொலைவில் உள்ள கோள்கள் அன்று கொதிக்கும் நிலையில் இருந்திருக்கும். இருந்த தண்ணீரும் ஆவியாகி விண்ணில் கரைந்திருக்கலாம். முழுவதும் போய்விட்டதா, பாறைக்குள் இருந்தது பின்னர் வெளிவந்ததா என்பதே இன்றைய ஆய்வின் மையக் கேள்வி.

காற்று உண்டா?

இக்கேள்விக்கு விடை தேட, 2021 ஆம் ஆண்டு டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி உதவி வருகிறது.

2023 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் கோளான பி பற்றிய முடிவு வந்தது. அதன் பகல் முகத்தின் வெப்பம் சுமார் 230 டிகிரி செல்சியஸ். காற்று இருந்தால் வெப்பம் இரவுப் பக்கத்துக்கும் பரவி, பகல் முகம் இவ்வளவு சுடாது. ஆகவே அங்கே குறிப்பிடத்தக்க காற்று இருப்பதற்கான அறிகுறி இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் சி கோளின் பகல் வெப்பம் சுமார் 110 டிகிரி என அறியப்பட்டது. வெள்ளிக் கோளில் இருப்பது போன்ற கனத்த கரியமில வாயுப் போர்வை அங்கே இல்லை என்பது உறுதியானது. 2025 ஆம் ஆண்டில் டி கோளிலும் பூமியைப் போன்ற காற்று மண்டலம் இல்லை என ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

2025 ஆம் ஆண்டு செப்டம்பரில் இ கோளின் முறை வந்தது. கோள் கடக்கும்போது, நட்சத்திரத்தின் ஒளியில் ஒரு துளி அக்கோளின் காற்று வழியாக வடிகட்டப்பட்டு நம்மை அடையும். காற்றில் உள்ள வாயுக்கள் அந்த ஒளியில் தம் கைரேகையைப் பதித்துவிடும். நான்கு கடப்புகளை அளந்ததில், தோற்றத்தின்போது இருந்திருக்கக்கூடிய கனத்த ஹைட்ரஜன் காற்று இப்போது இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தது. நைட்ரஜன் மிகுந்த காற்றில் மீத்தேன் கலந்திருக்கலாம் என்பதற்கு மிக மெல்லிய சாடை ஒன்றும் தென்பட்டது. காற்றே இல்லாத வெற்றுப் பாறை என்றாலும் அந்த அளவுகள் பொருந்தின.

ஏன் இந்த ஐயம்? நட்சத்திரத்திலேயே நீராவி உண்டு என்று மேலே குறிப்பிட்டோமே, அது இங்கே குறுக்கிடுகிறது. அதன் முகத்தில் குளிர்ந்த கரும்புள்ளிகளும் சூடான திட்டுகளும் பரவியுள்ளன. நட்சத்திரம் சுழலச் சுழல அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் உள்ள மூலக்கூறுகளின் கைரேகை, கோளின் காற்று பதித்த கைரேகையைப் போலவே தோற்றமளிக்கும். கோளில் நீராவி கண்டோம், மீத்தேன் கண்டோம் என்று அவசரப்படுபவர், உண்மையில் நட்சத்திரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோள் என்று சொன்னவராகலாம்.

இதற்கு ஆய்வாளர்கள் வகுத்துள்ள வழி மிக நுட்பமானது. பி கோளில் காற்று இல்லை என்று கொள்ளலாம். ஆகவே பி யும் இ யும் அடுத்தடுத்துக் கடக்கும் வேளைகளைத் தேர்ந்து அளக்கிறார்கள். பி கடக்கும்போது தெரியும் மாற்றங்கள் அனைத்தும் நட்சத்திரத்தினுடையவை. அவற்றை இ யின் அளவிலிருந்து கழித்தால், எஞ்சுவதே இ யின் சொந்தக் கைரேகை. முதலில் வெற்றுப் பாத்திரத்தின் எடையைப் பார்த்துவிட்டுப் பின்னர் பண்டத்தை நிறுக்கும் வணிகரின் நேர்மை போன்றது இது.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

அருமைச் சகோதர சகோதரிகளே! இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். "அங்கே தண்ணீர் இருக்குமா?" என்று கேட்டால், "அந்தக் கோள்கள் இருப்பது உறுதி. அவற்றின் அளவும் நிறையும் ஆண்டும் நன்றாக அளக்கப்பட்டுள்ளன. நட்சத்திரத்துக்கு அருகில் உள்ள கோள்களில் நம்முடையதைப் போன்ற காற்று இல்லை என்று தெரிகிறது. நான்காவது கோளைப் பற்றிய தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை" என்று சொல்லுங்கள். இது உற்சாகத்தைக் குறைக்கும் பதில் அன்று. எது உறுதியானது, எது கணிப்பு, எது வெறும் சாடை என்று மூன்றையும் பிரித்தறியும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும் பதில்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்த பின்பே ஏற்க வேண்டும் என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். அந்த ஒழுக்கம் அண்டை வீட்டுச் செய்திக்கு மட்டும் உரியது அன்று. 40 ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் செய்திக்கும் அது பொருந்தும். இன்று ஒரு மெல்லிய சாடையை எடுத்து மார்க்கத்தின் பெயரால் மேடையில் முழங்கிவிட்டு, நாளை அந்தச் சாடை நட்சத்திரத்தின் கரும்புள்ளி என்று தெரியவந்தால், கேட்டுக்கொண்டிருந்த இளைஞனின் உள்ளத்தில் எது பழுதுபடும் என்று சிந்திக்க வேண்டும். இறைவாக்கின் உண்மைக்கு அன்றாடச் செய்தித்தாளின் முட்டு தேவையில்லை. வானத்தை உற்று நோக்குவதும் அளப்பதும் எண்ணி வியப்பதும் நம் கடமை. அளந்து முடிக்காததை அளந்ததாகச் சொல்லாதிருப்பதும் நம் கடமையே.

இந்த ஆய்வு இன்னொன்றையும் நமக்கு உணர்த்துகிறது. ஏழு பாறைக் கோள்களைக் கண்டார்கள். அவற்றுள் ஒன்றிலேனும் மூச்சு விடத்தக்க காற்று உண்டா என்று அறிய, உலகின் மிகப் பெரிய விண்வெளித் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். நாமோ அளவான தொலைவில், நிதானமான ஒரு சூரியனின் ஒளியில், பகலும் இரவும் மாறி மாறி வரும் பூமியில், ஒரு காசும் கொடுக்காமல் ஒவ்வொரு நொடியும் அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம். இதைப் பாழாக்கிவிட்டால் ஓடிச் செல்வதற்கு 7 லட்சம் ஆண்டுப் பயணத் தொலைவில்கூட உறுதியான இடம் ஏதும் இன்னும் தென்படவில்லை.

இன்றிரவு பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று வானத்தைக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு நட்சத்திரத்திற்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சிறு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன என்று சொல்லிக் கொடுங்கள். அறிந்ததற்கு நன்றி செலுத்தும் உள்ளத்தையும், அறியாததை அறிந்ததாகச் சொல்லாத நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.